கண்டனியோ, கேட்டனியோ?

இரத்தினம் மாமிக்கு யாரும் போனில் கலியாணம் சொல்ல முடியாது. சொன்னால் போகமாட்டார். பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடும் அப்படித்தான், வீடு குடிபுகுதலும் அப்படித்தான். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன் மகளின் கலியாணத்தைப் போனில் சொல்லி, பயணச் செலவும் தானே தருவதாகச் சொன்னபோதுகூட மாமி அசையவில்லை. "முகத்தைக் காட்டாமல் சொன்ன கலியாணத்துக்கு நான் முகத்தைக் கொண்டுபோய் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, வெயிலில் கிடந்த கருவாட்டைப் புரட்டப் போய்விட்டார்.

ஊரில் இதை மாமியின் திமிர் என்பார்கள். நானும் திமிர் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் திமிர் இல்லாவிட்டால் என் அப்பாவை நாங்கள் மறுபடி கண்டிருப்போமோ தெரியாது. அதனால் மாமியைப் பற்றி யாராவது என் முன்னால் சிரித்துக் கதைத்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். இதை எழுதுவதும் அப்படி ஏறிய ஒரு நாளில்தான்.

மாமியின் முழுப்பெயர் இரத்தினேஸ்வரி. சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர், அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். என் அம்மாவின் அண்ணன் கதிரவேல் மாமாவின் மனைவி. மாமா கடலுக்குப் போவார், மாமி கருவாடு போடுவார். காய்ந்த கருவாட்டைப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின் கரியலில் கட்டி, சாம்பல்தீவு, உப்புவெளி என்று மிதித்து, பாலையூற்றில் எங்கள் வீடு வரைக்கும் வருவார். துறைமுகப் பக்கத்தில் சிங்களக் குடும்பங்களுக்கும் விற்பார். விற்கிற அளவுக்குச் சிங்களமும் அங்கேதான் பழகினார்.

அவர் கருவாடு விற்கிற விதமே வேறு. வாசலில் நின்று கூவமாட்டார். நேரே குசினிக்குள் வந்து பலகையைப் போட்டு உட்காருவார். ஒரு பிளேன்ரீ குடிப்பார். வீட்டுக்காரியின் முகத்தை நன்றாகப் பார்ப்பார். "என்ன, கண் வீங்கிக் கிடக்கு?" என்று கேட்பார். அந்தக் கதை முடிந்த பிறகுதான் பெட்டியின் மூடி திறக்கும். சில வீடுகளில் கதை முடியாமல் பெட்டி திறக்காமலே திரும்பி வந்ததும் உண்டு.

யார் என்ன செய்தி சொன்னாலும் மாமி கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நீ கண்டனியோ, கேட்டனியோ?" கண்ணால் காணாமல் காதால் கேட்டது என்றால் அவருக்கு அது செய்தி இல்லை.

அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. மாமிக்குக் கோணாமலை என்று ஒரு தம்பி இருந்தான். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் ஊரே சிதறி ஓடியபோது இந்தியாவுக்குப் போகிற படகொன்றில் ஏறினான். பிறகு செய்திகள் வரத் தொடங்கின. மண்டபம் முகாமில் நிற்கிறானாம், உடம்பு வைத்துவிட்டதாம், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டப்போகிறானாம். ஒருவர் சொல்லி முடிக்க இன்னொருவர் சொன்னார். மாமியின் தாய் அந்தச் செய்திகளையே சாப்பாடாய்ச் சாப்பிட்டு இருந்தார். பல வருடம் கழித்து மாமி ஒவ்வொருவராய்ப் பிடித்து விசாரித்தபோது, சொன்னவர்களில் கோணாமலையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கேட்டவர்கள்தான். படகு கரை சேரவே இல்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. தேட வேண்டிய காலத்தில் தேடவிடாமல் அந்த நல்ல செய்திகள் தங்களைக் கட்டிப்போட்டன என்று மாமி சொல்வார். அதைச் சொல்லும்போது அழமாட்டார், கோபம்தான் வரும்.

சமாதானக் காலத்தில் ஊருக்குக் கைபேசி வந்தது. சுனாமி அடித்து ஓய்ந்து, இரண்டு வருடம் ஆகுமுன்பே மறுபடி சண்டை தொடங்கியபோது எல்லார் கையிலும் ஒன்று இருந்தது. கடலுக்குப் போக ஆயிரம் தடை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போக முடியாது, போனாலும் இத்தனை மணிக்குள் திரும்பு. சல்லி ஆம்பிளைகள் வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மரத்தடியில் குந்தியிருந்து போனை நோண்டினார்கள். முன்பு அதே மரத்தடியில் கிழிந்த வலை பொத்தியபடி சண்டை பிடித்தவர்கள், பகிடி விட்டவர்கள், இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். கதிரவேல் மாமா போனில் வரும் பாம்பு விளையாட்டில் விழுந்துவிட்டார். கூப்பிட்டால் காது கேட்காது. மாமி ஒருநாள் சோற்றுக் கோப்பையைப் போனுக்கு முன்னால் வைத்து, "பாம்புக்குத் தீத்திப்போட்டு நீங்களும் சாப்பிடுங்கோ," என்றார்.

கருவாட்டு வியாபாரமும் போனுக்குப் போனது. நகரத்துக் கடைக்காரர்கள் மாமாவைப் போனில் எடுத்து எவ்வளவு வேண்டும் என்று சொன்னார்கள், வான் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஏன் மினக்கெட்டு சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று மாமா கேட்டார். மாமியின் சைக்கிள் வேலியில் சாய்ந்து துருப்பிடித்தது. அப்படித்தான் மாமி எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. சல்லிக்கும் பாலையூற்றுக்கும் ஒரு பஸ் ஓட்டம்தான் தூரம். மாதக்கணக்கில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை போனில் சுகம் கேட்டுக்கொண்டோம். அதனால் காணவில்லை என்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் அப்பா சோமசேகரம் வைத்திருந்ததே போன் கடை. சிம் விற்பார், போனுக்குக் காசு ரீலோட் போடுவார், பழுது பார்ப்பார். கடை பூட்டிய பிறகும் யாருடையதோ ஒரு போனின் வயிறு எங்கள் மேசையில் திறந்து கிடக்கும். அப்பா நல்லவர். எங்களை அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. ஆனால் நான் பள்ளிக்கூடக் கதை சொன்னால் குனிந்தபடியே "ம்" என்பார். வேண்டுமென்றே ஒருநாள், "அப்பா, எங்கடை பள்ளிக்கூடம் கடலுக்குள்ளை போயிட்டுது," என்றேன். அதற்கும் "ம்" என்றார். மாமி வந்து போன காலத்தில் மட்டும் அவர் பாடு கஷ்டம். "தம்பி, அதுக்குள்ளை ஆர் இருக்கினம்? கூப்பிடுங்கோ, தேத்தண்ணி குடுப்பம்," என்பார் மாமி. அப்பா சிரித்து நிமிர்ந்துவிடுவார்.

அந்த அப்பாவை ஒரு பகல் நேரம் கடையில் வைத்துப் படையினர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் விற்ற சிம் ஒன்று பிடிபடக்கூடாத ஒருவரிடம் பிடிபட்டதாம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா பெயர் குணேஸ்வரி. அவர் அங்குமிங்கும் அலைந்ததில், நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு தடுப்பு முகாமின் பெயரைச் சொல்லி, அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். எந்த முகாம் என்று நான் எழுதப்போவதில்லை. "அங்க வரவேணாம், வந்தா உங்களுக்குத்தான் கரைச்சல். இந்த நம்பருக்கு வெள்ளிக்கிழமையில கோல் எடுங்க," என்று விசாரித்த இடத்தில் நின்ற ஒருவன் அம்மாவிடம் ஓர் இலக்கத்தைச் சொல்லி அனுப்பினான்.

அன்றிலிருந்து எங்கள் வீடு அந்த இலக்கத்தில்தான் வாழ்ந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தால் அம்மா குளித்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, பிறகு கோல் எடுப்பார். ஒரே குரல்தான் வரும். "விசாரணை நடக்குது. ஆள் நல்லாயிருக்கார். அடுத்த கிழமை எடுங்க." அம்மா அந்த மூன்று வாக்கியத்தையும் எனக்குத் திருப்பிச் சொல்வார். இருவரும் அன்றைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிடுவோம்.

மாமாவிடம் அம்மா இதைச் சொல்லவில்லை. போன் பேச்சை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ஊர் முழுக்க நம்பிய காலம் அது. போனில் உண்மை பேசுகிறவர் யாரும் இல்லை. நேரில் போய்ச் சொல்லலாம். சொன்னால் அண்ணன் அங்கே போய் நின்று கத்துவார், அவரையும் பிடிப்பார்கள் என்று அம்மா பயந்தார். மாமா கோல் எடுத்தால் எல்லாம் வழமைபோல்தான்.

"ஓம் அண்ணை, சுகமாய் இருக்கிறம். அவரோ? கடையிலை நிக்கிறார். நான் சொல்லிவிடுறன்."

கடை பூட்டிக் கிடந்தது. அம்மா அந்தப் பொய்யைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். போனுக்குக் கண் தெரியாதே, பிறகு ஏன் மூடுகிறார் என்று நான் நினைப்பேன்.

இப்படி இருக்கையில்தான் நான் பெரியபிள்ளையானேன். எங்களில் அதற்கு முதல் உரிமைக்காரி மாமி. தாய்மாமன் பெண்சாதி வந்து முதல் தண்ணி வார்க்க வேண்டும். செய்தியை யாராவது நேரில் போய் அந்த வீட்டில் சொல்லவும் வேண்டும். அம்மா என்னை அறைக்குள் உட்காரவைத்துவிட்டு, போனை எடுத்தார். எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"மச்சாள், பிள்ளை சாமத்தியப்பட்டிட்டாள். நீங்கள் கரைச்சல்பட்டு வரவேண்டாம். ரோட்டும் சரியில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அக்காவைக் கொண்டு தண்ணியை வார்க்கிறன். சடங்கைப் பிறகு பாப்பம்."

மாமியின் குரல் போனைத் தாண்டி, சுவரையும் தாண்டி வந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் மச்சாள், குணம்."

"எனக்குத் தெரிஞ்ச குணம் எண்டால் வந்து வாசல்லை நிண்டு சொல்லியிருப்பாள். இது ஆரோ தெரியேல்லை," என்று மாமி போனை வைத்துவிட்டார்.

அம்மா போனைக் கையில் வைத்தபடியே நின்றார். அவமானம் ஒரு பக்கம், ஆறுதல் ஒரு பக்கம் என்று எனக்குப் பட்டது. மாமி கோபித்துக்கொண்டால் வரமாட்டார் அல்லவா. அம்மா அடுப்படிக்குப் போய் எனக்குக் கத்தரிக்காய் வதக்கினார்.

அம்மாவுக்கு மாமியை அவ்வளவுதான் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்கு முன்பே வாசல் படலை உதைபட்ட சத்தம் கேட்டது. துருப்பிடித்த சைக்கிளில், ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறி, சண்டை பிடிக்கவென்றே மாமி வந்திருந்தார். முற்றத்தில் நின்றே தொடங்கிவிட்டார்.

"என்ரை உரிமையைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்க நீ ஆரடி? நான் செத்துப்போனனோ? ரோட்டுச் சரியில்லையாம். இந்தா, நான் வந்த ரோட்டு ஆரின்ரை ரோட்டு?"

அம்மா குசினி வாசலுக்கு வந்தார். அவ்வளவுதான். மாமியின் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. நான் கதவு நீக்கலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், தொளதொளத்த சட்டையைப் பார்த்தார். கிட்ட வந்து அம்மாவின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"தம்பி எங்கை?"

"கடை..." என்று தொடங்கிய அம்மாவால் மேலே சொல்ல முடியவில்லை. போனில் எத்தனையோ தரம் தடங்கலில்லாமல் சொன்ன பொய் அது. மாமியின் கண்ணுக்கு முன்னால் அது வாயை விட்டு வரவில்லை. அம்மா அப்படியே மாமியின் தோளில் விழுந்து, இத்தனை மாதமும் அழாத அழுகையை அழுதார்.

கேட்டு முடித்த மாமி அம்மாவைத் தேற்றவில்லை. அவருக்குத் தேற்றத் தெரியாது. தன் கேள்வியைத்தான் கேட்டார்.

"ஆள் நல்லாயிருக்கிறாரெண்டு சொல்லுறாய். நீ கண்டனியோ, கேட்டனியோ?"

"ஒவ்வொரு வெள்ளியும் சொல்லுறாங்கள் மச்சாள்."

"கண்டனியோ?"

"இல்லை."

"கோணாமலையும் நல்லாய்த்தான் இருந்தவன். பதினொரு வருஷம் நல்லாய் இருந்தவன்," என்றார் மாமி.

அன்றைக்கே மாமி எனக்கு முதல் தண்ணி வார்த்தார். வார்த்த வேகத்தில் மூச்சு முட்டியது. தலை துவட்டும்போது திடீரென்று நிறுத்தி, "பிள்ளை பெரியபிள்ளையான செய்தி தேப்பனுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்ப ஊருக்கெல்லாம் போனிலை சொல்லியாச்சு, பெத்தவனுக்குச் சொல்லேல்லை," என்றார். "துடக்குக் கழியட்டும். நாங்கள் போய்ச் சொல்லுவம். முறையாய்ச் சொல்லுவம்."

அம்மா எவ்வளவோ மறித்தார். அங்கே போகக்கூடாது என்று சொன்னார்கள், வெள்ளிக்கிழமைக் கோலையும் நிற்பாட்டிவிடுவார்கள் என்று கெஞ்சினார். ஆள் மூலம் கேள்விப்பட்ட மாமா சல்லியிலிருந்து கோல் எடுத்து, அவசரப்படாதே என்று சொல்லப் பார்த்தார். மாமி போனை வாங்கவே இல்லை. "சொல்லுறதை வந்து சொல்லச் சொல்லு," என்றார். மாமா வந்தார். வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கும் மறுக்க வாய் வரவில்லை. தானும் வருகிறேன் என்ற அவரை மாமி விடவில்லை. ஆம்பிளை வந்தால் கதை வேறு மாதிரிப் போகும் என்றார்.

தீட்டு நாட்கள் போய்த் துடக்குக் கழிந்ததும் மாமி எனக்குத் தன்னுடைய பழைய சேலையை அரைத்தாவணியாகக் கட்டிவிட்டார். பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், சந்தனம், கற்கண்டு வைத்தார். கலியாணம் சொல்லப் போகிறவர்கள் மாதிரி நாங்கள் மூன்று பெண்களும் பஸ் ஏறி, சாவடிக்குச் சாவடி தட்டத்தைத் திறந்து காட்டி, அந்த முகாம் வாசலுக்குப் போனோம். வெயில் ஏறிவிட்டிருந்தது.

வாசலில் மணல் மூட்டைக்குப் பின்னால் ஒரு காவல்காரன் இருந்தான். இளம் பெடியன். துப்பாக்கி மடியில், போன் கையில். பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பெயரை அம்மா சொன்னதும் நிமிராமலே, "நம்பர் குடுத்திருப்பாங்கதானே. கோல் பண்ணு. போ," என்றான்.

அம்மா திரும்பிப் போகப் பார்த்தார். மாமி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவனுக்கு நேரே நின்றார். அவன் விளையாட்டு முடிகிறமாதிரி இல்லை. மாமியும் போகிறமாதிரி இல்லை. கடைசியில் தன் மேல் விழுந்த நிழல் நகரவில்லை என்று கண்டு அவன் நிமிர்ந்தான். அவன் கண் தன் முகத்துக்கு வரும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, மாமி தட்டத்தை மணல் மூட்டையின் மேல் வைத்துத் துணியை எடுத்தார்.

வெற்றிலையைக் கண்டதும் அவன் போனை வைத்துவிட்டு எழும்பினான். மாமி தன் கருவாட்டுச் சிங்களத்தில் சொன்னார். இந்தப் பிள்ளை பெரியவளாகிவிட்டாள், தகப்பன் உள்ளே இருக்கிறார், முறைப்படி அவருக்குச் சொல்ல வந்திருக்கிறோம், தட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவனுக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் ஊரிலும் பெண்பிள்ளை பெரியவளானால் சடங்கு உண்டு. வெற்றிலை வைத்துத்தான் சொல்வார்கள், நீட்டிய வெற்றிலையைத் தட்டவும் மாட்டார்கள். துப்பாக்கி பிடிக்கப் பழக்கியவர்கள் அவனுக்கு இதற்குப் பதில் பழக்கியிருக்கவில்லை. என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

வந்தவர் வயதானவர், கண்ணாடி போட்டிருந்தார், தமிழ் நன்றாகவே பேசினார். அம்மா அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லி, வெள்ளிக்கு வெள்ளி எடுப்பதாகச் சொன்னார். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அது எங்கட நம்பர் இல்லையே. இங்க அப்பிடி ஒரு நம்பர் இல்ல."

அம்மா அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். இத்தனை வெள்ளிக்கிழமையும் நாங்கள் விளக்கேற்றிக் கேட்ட குரல் யாருடைய குரல் என்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அப்பா இங்கே இல்லை என்று சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

அதிகாரி, "இருங்க, உள்ளுக்குக் கேட்டுச் சொல்றன்," என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தத் தொடங்கினார்.

"ஐயா, போனை வையுங்கோ," என்றார் மாமி.

அவர் நிமிர்ந்தார். முகாம் வாசலில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். காவல்காரன் துப்பாக்கியைச் சரிசெய்தான். மாமியின் குரல் நடுங்கவில்லை.

"நாங்களும் போனிலைதான் கேட்டனாங்கள். நீங்களும் போனிலை கேட்டால் நல்லாயிருக்கிறாரெண்டுதான் சொல்லுவினம். என்ரை தம்பி ஒருத்தனை இப்பிடிச் சொல்லிச் சொல்லியே துலைச்சுப்போட்டன். இவரும் எனக்குத் தம்பிதான். நீங்கள் உள்ளை போய், உங்கடை கண்ணாலை பாத்துப்போட்டு வந்து, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. இருக்கிறாரெண்டாலும் சொல்லுங்கோ. இல்லையெண்டாலும் சொல்லுங்கோ. நான் விழமாட்டன்."

அவர் மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியும் கண்ணை எடுக்கவில்லை. கோபிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மா என் தாவணித் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். தட்டத்தில் வெற்றிலை வாடத் தொடங்க, மாமி துணியை நனைத்து மூடினார். காவல்காரன் தன் போன் அடித்ததையும் எடுக்கவில்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தின் கீழ், அதிகாரியோடு ஒருவர் வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது, இடுப்பில் சாரம், அதற்கு மேல் யாருடையதோ சட்டை. அம்மா கத்திய பிறகுதான் அது அப்பா என்று எனக்குப் பிடிபட்டது. இரண்டு வேலிகள் எங்களுக்கு நடுவில் இருந்தன. கிட்டப் போக விடவில்லை.

"வெள்ளிக்கு வெள்ளி கோல் எடுத்தனான். உங்களுக்குச் சொன்னவங்களோ?" என்று அம்மா அழுதபடி கேட்டார்.

"ஆருக்கு எடுத்தனீ?" என்றார் அப்பா. "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

மாமி என்னை முன்னால் தள்ளினார். தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கலியாண வீட்டுக்குச் சொல்லப் போன குரலில், ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

"தம்பி, உங்கடை மகள் பெரியபிள்ளையாகிட்டாள். சடங்கு செய்யப்போறம். நீங்கள் கட்டாயம் வரவேணும். நேரிலை சொல்லிப்போட்டன். பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குக் குனிந்து பார்க்கக் கையில் ஒன்றும் இல்லை. என் தலையிலிருந்து கால் வரைக்கும், பிறகு மறுபடி முகத்துக்கு. என் ஆயுளில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. "எப்ப வளந்தனீ?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்கள் 'ம்' போட்டுக்கொண்டிருக்கேக்கை," என்று சொல்லிவிட்டேன். அப்பா தாடிக்குள் சிரித்தார், உடனே அழுதார்.

தட்டத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக ஆள் வேண்டும். அதிகாரி தலையசைக்க, காவல்காரன் துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு, தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி வேலிக்குள் போனான். அப்பா வெற்றிலை எடுத்தார்.

"எடுத்திட்டியள். இனி வராமல் விடேலாது," என்றார் மாமி. பிறகு அதிகாரியைப் பார்த்து, "உங்களுக்கும்தான் ஐயா சொல்லுறன். இவரை அனுப்பிப்போட்டு நீங்களும் வாங்கோ," என்றார். தட்டம் திரும்பி வந்தபோது ஒரு கற்கண்டு குறைந்திருந்தது. எடுத்தது யார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

அந்த இலக்கத்துக்கு அம்மா பிறகு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமியும் அம்மாவும் அந்த வாசலில் போய் நின்றார்கள். சில நாள் காட்டினார்கள், சில நாள் விரட்டினார்கள். விரட்டினாலும் அடுத்த வெள்ளி நின்றார்கள். அவர்களைக் கண்டு, போன் இலக்கங்களோடு வீட்டில் காத்திருந்த வேறு பெண்களும் வந்து நின்றார்கள். அவர்களில் சிலருக்கு உள்ளே ஆள் இருந்தது. சிலருக்கு இருக்கவில்லை. மாமி எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டார். கேட்டதால் சிலர் மாமியைத் திட்டிவிட்டும் போனார்கள்.

அடுத்த வருடம் நீதிமன்றத்தில் ஒன்றும் நிரூபிக்க முடியாமல் அப்பாவை விட்டார்கள். அவர் வரும் வரைக்கும் தள்ளிவைத்த சடங்குக்கு எனக்குத் தைத்த சட்டை அதற்குள் சிறுத்துப் போய்விட்டது. அப்பா வீட்டுக்கு வந்து குளித்து, தாடி வழித்து, சாப்பிட்டார். மாமாவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுவோமா என்று அம்மா கேட்டார். அப்பா தட்டத்தைத் தேடி எடுத்துத் துலக்கினார்.

சைக்கிளில் அப்பா முன்னால், தட்டத்தோடு நான் பின்னால். சாவடிகளில் இறங்கி ஏறி சல்லிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் ஓடி வரவில்லை. கையைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, கதிரையைத் துடைத்துப் போட்டு, "இருந்து சொல்லுங்கோ," என்றார்.

அப்பா உட்காரவில்லை. நின்றபடியே தட்டத்தை நீட்டினார். "அக்கா, மகளின்ரை சடங்கு. நீங்கள் வந்துதான் சடங்குத் தண்ணி வார்க்கவேணும்," என்றார்.

மாமி தட்டத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் அவர் வேறு ஒருவரையும் தேடினாரோ என்னவோ, அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்தார்.

"கண்டிட்டன்," என்றார். "வருவன்."